அண்ணன் ஊரைக் கேட்கிறார், தம்பி போனைக் கேட்கிறார்: யார் தேடுவது சரி?

கேள்வி இதுதான். கம்பத்தில் வீடு. கம்பம்மெட்டு ஏறி, கேரளத்தில் இருக்கிற வண்டன்மேடு போகிற வழியில் கொஞ்சம் ஏலத்தோட்டம். அண்ணனும் தம்பியும் சேர்ந்து பார்க்கிறார்கள். போன ஆடி மழையில் காய் உதிரத் தொடங்கியது. தம்பி போனில் "ஏலக்காய் உதிர்வு மருந்து" என்று தேடினார். முதலில் வந்த வீடியோ இலைப்பேன் என்றது, ஒரு பூச்சிமருந்தின் பெயரையும் சொன்னது. சாயங்காலமே வாங்கிவந்து மறுநாள் அடித்துவிட்டார். அண்ணன் போனைத் தொடவில்லை. வண்டன்மேட்டில் ஒருவர், போடியில் ஒரு வியாபாரி, ஜீப் ஓட்டுகிற மச்சான், பக்கத்துத் தோட்டத்து மலையாளி சேட்டன் என்று எதிரில் வந்தவரிடமெல்லாம் பேசினார். ஆளுக்கொன்று சொன்னார்கள். பேசிப் பேசியே 12 நாள் ஓடிவிட்டது. கடைசியில் அது அழுகல் நோய் என்று தெரிந்தபோது பாதிக் காய் மண்ணில் கிடந்தது. இப்போது வீட்டில் ஓயாத வாக்குவாதம். "எங்கள் இருவருக்கும் மூளையே வேறு மாதிரி ஓடுகிறதா? யார் தேடும் முறை சரி?" என்று தம்பி கேட்டிருக்கிறார்.

தம்பி என்றே நானும் கூப்பிடுகிறேன். கம்பம் பள்ளத்தாக்கின் நூலகங்களில் 30 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எதையாவது தேடி வருகிறவர்களின் எதிரில் உட்கார்ந்திருப்பதே என் பிழைப்பாக இருந்தது. அதனால் உங்கள் கேள்வியை ஒருவரியில் முடிக்க மனம் வரவில்லை.

யோசிக்கிற பழக்கம் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது என்பது உண்மை. அது தேடுகிற விதத்தையும் மாற்றுகிறது. உங்கள் முறையும் அண்ணன் முறையும் இரண்டுமே பிழையான முறை அல்ல. ஆனால் ஒவ்வொரு முறைக்கும் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. நீங்கள் இருவரும் அவரவர் இடத்தில் துல்லியமாகச் சறுக்கியிருக்கிறீர்கள்.

அந்த இடங்களுக்குப் பெயர் வைத்தவர் கார்டன் பாஸ்க் என்கிற பிரிட்டிஷ் ஆய்வாளர். 1970-களில் அவர் ஒரு சோதனை செய்தார். செவ்வாய் கிரகத்தில் வாழ்வதாகக் கற்பனை செய்த சில விலங்குகள். அவற்றை எந்த அடிப்படையில் இனம் பிரித்திருக்கிறார்கள் என்று மாணவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். விவரங்கள் அட்டைகளில் இருக்கும். எந்த அட்டை வேண்டும், ஏன் வேண்டும் என்று சொல்லி வாங்கிக்கொள்ளலாம். யாருமே முன்பு பார்த்திராத விலங்கு என்பதால் பழைய அறிவு யாருக்கும் கைகொடுக்காது. தேடும் விதம் மட்டும் தனியாகத் தெரியும். சிலர் ஒரு குணத்தை எடுத்து, அதைச் சோதித்து முடித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனார்கள். படிக்கட்டில் ஒவ்வொரு படியாக ஏறுகிற மாதிரி. வேறு சிலர் நாலைந்து குணங்களை ஒரே நேரத்தில் கையில் வைத்துக்கொண்டு, முழுப் படத்தையும் முதலில் பார்க்க ஆசைப்பட்டார்கள். முதல் வகையை வரிசையாகப் போகிறவர் என்றும், இரண்டாவதை முழுமையைப் பார்க்கிறவர் என்றும் வைத்துக்கொள்ளலாம். இரண்டு வகையினரும் விடையைக் கண்டுபிடித்தார்கள் என்பதை முதலில் மனதில் வையுங்கள்.

அவர்கள் தவறும்போதுதான் வித்தியாசம் தெரிந்தது. வரிசைக்காரர் கையில் இருக்கிற படியை மட்டும் பார்த்து, பக்கத்தில் இருக்கிற தொடர்பைக் கோட்டைவிடுவார். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் என்ன ஒற்றுமை, இது எதன் பகுதி என்று யோசிக்கமாட்டார். முழுமைக்காரர் எதிர்ப்பக்கம் தவறுவார். எதையும் முடிக்காமல் ஊர் சுற்றுவார். போதிய ஆதாரம் கிடைக்கும் முன்னே பொதுவாக ஒரு முடிவு சொல்வார், அல்லது முடிவே சொல்லாமல் இன்னும் ஒன்றைக் கேட்கப் போவார். பாஸ்க் இந்த இரண்டாவதற்கு 'உலகம் சுற்றுதல்' என்றே பொருள்படும் ஆங்கிலச் சொல்லை வைத்தார்.

இனி உங்கள் தோட்டத்துக்கு வருவோம். ஏலத்தில் காய் கெடுவதற்குக் காரணம் ஒன்று மட்டும் இல்லை. இலைப்பேன் சுரண்டினால் காயின் தோலில் சொறி விழும். அழுகல் என்றால் காயில் நீர் கோத்த மாதிரிப் புள்ளி தோன்றி, பழுப்பாகி, நாற்றமடித்து உதிரும். பைட்டாப்தோரா என்கிற நுண்ணுயிரின் வேலை அது. தென்மேற்குப் பருவமழை விடாமல் பெய்து, தண்ணீர் வடியாமல் நின்று, நிழல் அடர்ந்து கிடக்கிற தோட்டத்தில் பரவும். மழைக்கு முன்பே, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த 1 சதவீத போர்டோ கலவை அடிப்பது, அழுகியதை எடுத்து அப்புறப்படுத்துவது, வடிகால் வெட்டுவது, மரக்கிளையைக் கழித்து வெளிச்சம் விடுவது, இவைதான் வழி. பூச்சிமருந்துக்கு அது அசையாது. நீங்கள் கேட்ட கேள்வியில் 'மருந்து' இருந்தது, 'உதிர்வு' இருந்தது. மழை இல்லை, நாற்றம் இல்லை, காயின் தோல் எப்படி இருந்தது என்பதும் இல்லை. கேட்டதற்குப் பதில் வந்தது. அடுத்த படிக்குப் போய்விட்டீர்கள். அண்ணன் பேசிய நாலு பேரில் ஒருவராவது 'அழுகல்' என்ற சொல்லைச் சொல்லியிருப்பார் என்று பந்தயம் கட்டுவேன். மலையாளத்திலும் அதே சொல்தான். விஞ்ஞானப் புத்தகங்களில்கூட இந்த நோயை ஆங்கில எழுத்தில் அழுகல் என்றே அச்சடிக்கிறார்கள். ஆனால் அவர் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை, அடுத்தவரிடம் போய்விட்டார். தேவைப்பட்ட சொல் அண்ணன் காதில் இருந்தது, அதைத் தேடிச் சரிபார்க்கிற கருவி உங்கள் கையில் இருந்தது. வீட்டுக்குள் பத்தடி தூரம்தான் இடைவெளி. 12 நாளும் அந்தச் சொல் பத்தடி நடக்கவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

அண்ணன் ஏன் ஆட்களையே தேடிப் போகிறார் என்பதற்கும் பழைய ஆராய்ச்சி ஒன்று இருக்கிறது. ஹெர்மன் விட்கின் என்ற அமெரிக்க உளவியலாளர் 1940-களிலிருந்து செய்தது. இருட்டறை. படத்துக்குப் போடுவது போன்ற ஒளிரும் சட்டம் ஒன்றைச் சாய்வாக வைத்து, அதற்குள் ஒளிரும் கோல் ஒன்றை வைப்பார். "கோலை நேராக நிறுத்துங்கள்" என்பார். சிலர் சட்டத்தைப் பார்த்து அதற்கேற்ப கோலைச் சாய்த்து நிறுத்தி, நேராக இருப்பதாகச் சொன்னார்கள். சிலர் சட்டத்தைக் கண்டுகொள்ளாமல் தங்கள் உடம்பின் நிமிர்வை வைத்து நிறுத்தினார்கள். சுற்றியிருப்பதோடு சேர்த்துப் பார்க்கிறவர்கள், சுற்றியிருப்பதிலிருந்து பிரித்துப் பார்க்கிறவர்கள் என்று அவர் இரண்டு முனைகளைச் சொன்னார். பெரும்பாலோர் நடுவில்தான் எங்கோ இருப்பார்கள். விஷயம் தெளிவாக இல்லாதபோது முதல் வகையினர் மற்றவர்கள் முகத்தையும் பேச்சையும் அதிகம் கவனிப்பதாக விட்கினும் அவரோடு வேலை செய்தவர்களும் பின்னாளில் எழுதினார்கள். உங்கள் அண்ணனை நான் இருட்டறையில் உட்கார வைத்துப் பார்த்ததில்லை; அவர் இன்ன வகை என்று இங்கிருந்து முத்திரை குத்த மாட்டேன். ஆனால் அப்படிப்பட்டவர்களை என் வாசலில் தினமும் பார்த்திருக்கிறேன். புத்தகத்தை எடுத்து நீட்டினால் "நீங்க படிச்சிருக்கீங்களா சார்? என்ன சொல்றான்?" என்று கேட்பார்கள். ஒரு ஆள் வழியாக வந்தால்தான் அந்தத் தகவலுக்கு அவர்களிடம் எடை.

தேடுதலோடு இவற்றை நேராகச் சேர்த்துப் பார்த்தவர் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தின் நைஜல் ஃபோர்டு. அவரும் உடன் ஆய்வாளர்களும் 2002-ல் வெளியிட்ட ஆய்வில் 111 ஆராய்ச்சியாளர்களுக்காக ஒருவர் இடையில் இருந்து தேடிக் கொடுத்தார்; அவர்கள் எப்படிக் கேட்டார்கள், எப்படித் தேர்ந்தார்கள் என்று கவனித்தார்கள். பிரித்துப் பார்க்கிற வகையினர் தேடுதலை அலசி ஆராய்ந்து, தாங்களே இறங்கி நடத்தினார்கள். முழுமையைப் பார்க்கிறவர்கள் அங்குமிங்கும் துழாவினார்கள், எதிர்பாராமல் கண்ணில் பட்டதையும் பயன்படுத்திக்கொண்டார்கள். எதிர்பாராமல் கண்ணில் படுவது என்பதை லேசாக நினைக்காதீர்கள். எதைக் கேட்பது என்றே தெரியாதபோது அதுதான் வழி. தன் தோட்டத்தில் என்ன நோய் என்று தெரியாதவனுக்கு, அந்த நோயின் பெயரைப் போட்டுத் தேடு என்று எப்படிச் சொல்வது?

இங்கேதான் எல்லைப்புறத்தில் இருக்கிற நமக்கு ஒரு தனிச் சிரமம். சொல். 1987-ல் அமெரிக்காவில் ஃபர்னஸ் என்பவரும் கூட்டாளிகளும் ஒரு கணக்கு சொன்னார்கள்: ஒரே பொருளுக்கு இரண்டு பேர் தாமாக ஒரே சொல்லைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு 20 சதவீதத்துக்கும் குறைவு. ஒரே மொழி பேசுகிறவர்களுக்கே அந்த நிலைமை. லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறினால் குமுளியில் மொழி மாறுகிறது, அலுவலகம் மாறுகிறது, ஆனால் சொற்கள் மாறியும் மாறாமலும் இருக்கின்றன. மாறாதது போலத் தோன்றுகிறவைதான் ஆபத்து.

ஒரு அம்மா வந்தார்கள், கூடலூர்க்காரர். "சட்டப் புத்தகம் இருக்கா தம்பி?" என்றார்கள். எந்தச் சட்டம் என்றேன். "நிலச் சட்டம்" என்றார்கள். இருந்த ஒன்றிரண்டை எடுத்துக் கொடுத்தேன். புரட்டிக்கூடப் பார்க்காமல் மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து அருகில் போய், "என்னம்மா நடந்தது, முதலில் இருந்து சொல்லுங்கள்" என்றேன். குமுளிக்கு அந்தப் பக்கம் கணவர் பெயரில் கொஞ்சம் நிலம். அவர் காலமாகிவிட்டார். பெயர் மாற்றப் போனபோது அங்கே இருந்தவர் "போக்குவரவு செய்யணும்" என்றாராம். போக்குவரவு என்றால் பஸ், லாரி சமாச்சாரம் என்று இவர்களுக்குப் பட்டிருக்கிறது. நிலத்துக்குப் பாதை இல்லை, பாதை வாங்கினால்தான் பெயர் மாறும் என்று எடுத்துக்கொண்டு, பாதைக்கு என்ன சட்டம் என்று தேடி என்னிடம் வந்திருக்கிறார்கள். கேரள வருவாய்த் துறையில் போக்குவரவு என்றால் நம் பக்கத்துப் பட்டா மாறுதல், அவ்வளவுதான். அதே போல, "ஆதாரம் கொண்டு வாங்க" என்றால் அங்கே கிரயப் பத்திரம். இவர்கள் ஆதார் அட்டையை எடுத்துக்கொண்டு இரண்டு முறை மலை ஏறி இறங்கியிருந்தார்கள். பட்டயம், தண்டப்பேர், கரம் என்று அந்தப் பக்கத்து நிலச் சொற்களை ஒவ்வொன்றாக எழுதி, எதிரில் நம் சொல்லை எழுதிக் கொடுத்தேன். அரைத்தாள் போதுமானதாக இருந்தது.

அந்த அம்மா கேட்டது சட்டப் புத்தகம். வேண்டியிருந்தது ஒரே ஒரு சொல்லின் அர்த்தம். ராபர்ட் டெய்லர் என்ற அமெரிக்க நூலக அறிஞர் 1968-ல் இதை நான்கு நிலையாகப் பிரித்து எழுதினார். முதலில் வயிற்றுக்குள் ஒரு குடைச்சல், அதற்குச் சொல் கிடையாது. அப்புறம் மனதுக்குள் தெளிவில்லாத ஒரு விவரிப்பு. பிறகு வாய்விட்டுச் சொல்லக்கூடிய ஒழுங்கான கேள்வி. கடைசியாக, எதிரில் இருப்பவரிடம் என்ன இருக்கும் என்று ஊகித்து அதற்கேற்ப வளைத்துக்கொண்ட கேள்வி. நூலகத்தில் புத்தகம்தானே இருக்கும், அதனால் புத்தகம் கேட்போம் என்று அந்த அம்மா வளைத்துக்கொண்டார்கள். போனில் மருந்துப் பெயர்தானே வரும், அதனால் மருந்து என்று கேட்போம் என்று நீங்கள் வளைத்துக்கொண்டீர்கள். அண்ணனோ முதல் இரண்டு நிலையிலேயே நின்று, குடைச்சலை மட்டும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

வரிசையாக யோசிக்கிறவர் மூன்றாம் நிலைக்குச் சீக்கிரம் தாவுவார் என்பது நான் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது. கேள்வி கச்சிதமாக இருக்கும், ஆனால் கேட்க வேண்டிய கேள்வியாக இருக்காது. முழுமைக்காரரின் கேள்வி நீளமாக, கதை போல இருக்கும். எரிச்சல்படாமல் கேட்டால் விடைக்கான துப்பு அந்தக் கதைக்குள் இருக்கும்.

எஸ். ஆர். ரங்கநாதனை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. சீர்காழியில் 1892-ல் பிறந்தவர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர். 1931-ல் அவர் எழுதிய ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைக் காப்பாற்று என்பது. பணியில் சேர்ந்த புதிதில் அதை வேகமாக எடுத்துக்கொடு என்று புரிந்துகொண்டேன். அந்த அம்மாவுக்குப் பிறகு, கால் மணி நேரம் கதை கேட்பதுதான் சில பேருடைய நேரத்தைக் காப்பாற்றும் என்று புரிந்தது.

இடமும் இதில் சேர்த்தி. நம் பக்கத்து நூலகங்கள் 1948-ம் வருடச் சட்டத்தின் வழியே வந்தவை, அரசு நடத்துபவை, 'அமைதி காக்கவும்' என்று பலகை தொங்குபவை. கேரளப் பக்கம் 1945-ல் பி. என். பணிக்கர் தொடங்கிய கிரந்தசாலா சங்கம் என்கிற நூலகச் சங்கத்தின் வழியே வளர்ந்த வாயனசாலைகள், அதாவது படிப்பகங்கள், ஊர்க்காரர்களே உறுப்பினராக இருந்து நடத்துபவை. சாயங்காலம் பத்திரிகை படிக்கிற சத்தமும் பேச்சும் கலந்தே இருக்கும். உங்களுக்கு நம் நூலகம் ஒத்துவரும், அண்ணனுக்கு அவர்களுடைய வாயனசாலை ஒத்துவரும் என்று நினைக்கிறேன். அமைதியில் படிக்க வராதவர்களுக்குத் தேடவே தெரியாது என்று நானும் பல வருடம் நினைத்திருந்தேன். அது தவறு.

இவ்வளவு சொன்ன பிறகு, எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். யோசிக்கும் பாணி என்கிற பேச்சை எல்லை மீறி நம்பிவிடக் கூடாது. விட்கினின் சோதனைகள் பாணியை அளக்கின்றனவா, திறமையைத்தான் அளக்கின்றனவா என்று உளவியலாளர்களிடையே நீண்ட நாள் விவாதம் உண்டு. அந்தச் சோதனை மதிப்பெண்ணுக்கும் பொது அறிவுத்திறன் சோதனைகளின் மதிப்பெண்ணுக்கும் தொடர்பு இருந்துகொண்டே இருக்கிறது. பள்ளிக்கூடங்களில் "இவன் கண்ணால் கற்கிறவன், அவள் காதால் கற்கிறவள்" என்று பிரிக்கிறார்களே, அந்தப் பிரிவுக்கேற்ப பாடம் நடத்தினால் பலன் கூடும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 2008-ல் பேஷ்லர் தலைமையில் நான்கு உளவியலாளர்கள் அலசி எழுதினார்கள். ஆகவே "நான் வரிசைக்காரன், எனக்கு இப்படித்தான் வரும்" என்று உட்கார்ந்துவிட வேண்டாம்.

அதைவிட முக்கியமாக, பழகிய அறிவு பாணியை மூடிவிடும். 2000-ல் பாம்க்விஸ்ட், கிம் என்ற இருவர் கல்லூரி மாணவர்களை இணையத்தில் தேட வைத்துப் பார்த்தார்கள். தேடிப் பழக்கமில்லாதவர்களிடம்தான் பாணி பெரிய வித்தியாசத்தைக் காட்டியது. பழகியவர்களிடம் அந்த வித்தியாசம் வெகுவாகக் குறைந்துவிட்டது. உங்கள் வீட்டிலேயே இது தெரியும். காயை விற்கிற விஷயத்தில் அண்ணன் எப்படி என்று யோசித்துப் பாருங்கள். 2019 ஆகஸ்ட்டில் வண்டன்மேட்டுப் பக்கம் புற்றடியில் இருக்கிற ஏலக்காய் ஏல மையத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாயைத் தொட்டபோது பள்ளத்தாக்கு முழுக்க அந்த ஒரு எண்தான் போனுக்குப் போன் பறந்தது. அன்றைய உச்ச விலை அது. சராசரி அதைவிட வெகுவாகக் கீழே இருந்தது. பழகிய விவசாயிகள் உச்சத்தைக் காதில் வாங்கிக்கொண்டு, சராசரி என்ன, எத்தனை கிலோ வந்தது என்றுதான் கேட்டார்கள். படிப்பு குறைந்த, பத்துப் பேரிடம் பேசித் திரிகிற அதே ஆட்கள், தங்களுக்குத் தெரிந்த துறையில் கணக்காளர் மாதிரிப் பிரித்துப் பார்த்தார்கள்.

நோய் பார்க்கவும் அப்படிப் பழகலாம். பழகும்வரை தேடுதலுக்கு ஒரு நடுக்கட்டம் உண்டு என்பதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. கேரல் குல்தாவ் என்ற அமெரிக்கப் பேராசிரியை மாணவர்களை வருடக்கணக்கில் கூடவே இருந்து கவனித்து, 1991-ல் ஆறு கட்டங்களைச் சொன்னார். எல்லோரும் நினைப்பது, தேடத் தேட தெளிவு கூடிக்கொண்டே போகும் என்று. அவர் கண்டது வேறு. எதைத் தேடுவது என்று முடிவு செய்ததும் ஒரு உற்சாகம் வரும். அதற்குப் பிறகு, மேலும் மேலும் படிக்கிற கட்டத்தில் குழப்பமும் சந்தேகமும் கூடும். ஒன்றோடொன்று பொருந்தாத தகவல்கள் வரும். அந்தக் கட்டத்தில்தான் ஆட்கள் பிரிகிறார்கள். குழப்பம் தாங்காதவர் கையில் கிடைத்ததை விடையாக்கிக்கொண்டு வெளியேறுகிறார். குழப்பத்தில் வசதியாக உட்கார்ந்துவிடுகிறவர் வெளியே வருவதே இல்லை. நீங்கள் அந்தக் கட்டத்துக்குள் நுழையவே இல்லை. அண்ணன் நுழைந்தவர் திரும்பி வரவில்லை.

குழப்பம் வந்தால் தேடல் கெட்டுப்போனதாக நினைக்காதீர்கள். மார்சியா பேட்ஸ் என்பவர் 1989-ல், தகவல் தேடுவதைக் காட்டில் பழம் பொறுக்குவதற்கு ஒப்பிட்டார். ஒரே இடத்தில் குவியலாகக் கிடைக்காது. இங்கே ஒன்று, அங்கே ஒன்று. கிடைக்கக் கிடைக்க கேள்வியே மாறும். இதை உங்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். ஏலக்காய் எடுக்கிற பெண்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரு தூரில் ஒரே நாளில் எல்லாக் காயையும் உருவி எடுப்பதில்லை. விளைந்ததை மட்டும் பார்த்து எடுத்துவிட்டு, சில வாரம் கழித்து அதே தூருக்குத் திரும்பி வருகிறார்கள். ஒரு வீடியோவில் எல்லா விடையையும் உருவிவிடப் பார்த்தீர்கள். இன்றைய போன்களும் அதற்கே பழக்குகின்றன: கேட்டால் ஒரே ஒரு பதில், மேலே பளிச்சென்று. வரிசைக்காரருக்கு அது பெரிய தூண்டில். ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாக ஓடுகிற குட்டி வீடியோக்கள் முழுமைக்காரருக்கான தூண்டில்.

இன்னொன்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்த வாக்குவாதம் இதில்தான் வரும். உடம்புக்கு முடியாதபோது தேடுவது வேறு கதை. சூசன் மில்லர் 1987-ல் சொன்ன பிரிவு அங்கே பொருந்தும்: ஆபத்து என்றால் எல்லாவற்றையும் தெரிந்துகொண்டால்தான் சிலருக்கு நிம்மதி, தெரியாமல் இருந்தால்தான் சிலருக்கு நிம்மதி. உங்கள் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ நாளை ஏதாவது என்றால், போனில் படித்ததையெல்லாம் அவர்களிடம் கொட்டாதீர்கள். எவ்வளவு தெரிய வேண்டும் என்று முதலில் அவர்களைக் கேளுங்கள்.

சரி, இந்த வருடம் மழைக்கு முன்னால் என்ன செய்வது? முதல் இரண்டு நாள் அண்ணனிடம் விடுங்கள். அவர் பேசட்டும், ஆனால் நீங்கள் கூட இருந்து ஒரு நோட்டில் சொற்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள், தமிழில் சொன்னதையும் மலையாளத்தில் சொன்னதையும். யார் சொன்னது சரி என்று அப்போது வாதாட வேண்டாம். மூன்றாம் நாள் நோட்டு உங்கள் கைக்கு வரட்டும். ஒவ்வொரு சொல்லையும் எடுத்து, அது உண்மையானால் காயில் என்ன தெரிய வேண்டும், எது தெரியக் கூடாது என்று தேடி எழுதுங்கள். பிறகு இருவரும் தோட்டத்துக்குப் போய் அந்தத் தாளை வைத்துக்கொண்டு பாருங்கள். அண்ணனின் கண் உங்கள் கண்ணைவிட அங்கே கூர்மை. முடிவு சொல்ல ஒரு நாளைக் குறித்துவிடுங்கள். அந்த நாள் அண்ணனுக்கு வேண்டும், அதற்கு முன் மருந்து வாங்கக் கூடாது என்பது உங்களுக்கு வேண்டும்.

குறித்த நாளில் தீரவில்லை என்றால், கெட்ட காயோடு ஒரு சரம், நல்ல காயோடு ஒரு சரம், கொஞ்சம் வேர், மழை எப்போது தொடங்கியது, இதுவரை என்ன அடித்தீர்கள் என்று எழுதிய தாள், இவற்றை எடுத்துக்கொண்டு பாம்பாடும்பாறையில் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் ஏலக்காய் ஆராய்ச்சி நிலையத்துக்கோ, மயிலாடும்பாறையில் நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலக்காய் ஆராய்ச்சி நிறுவனத்துக்கோ போங்கள். 1978-லிருந்து அந்த நிறுவனம் இதற்காகவே இருக்கிறது. பேசுவதை அண்ணனிடம் விடுங்கள், எழுதிக்கொள்வது நீங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: மயிலாடும்பாறை என்று போனில் போட்டால் வருசநாட்டுப் பக்கம் இருக்கிற நம் தேனி மாவட்டத்து மயிலாடும்பாறைக்கு வழி காட்டிவிடலாம். நீங்கள் போக வேண்டியது இடுக்கியில், உடும்பஞ்சோலைத் தாலுகாவில் இருக்கிறது. வண்டியில் ஏறும் முன் ஜீப் ஓட்டுகிற உங்கள் மச்சானிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.